முப்பத்திரண்டு பேருக்கு ஒரு பாஸ்

பிப்ரவரி 4

அக்கா,

நீ நல்லாத்தான் இருப்ப, தெரியும். இருந்தாலும் கேட்டு வைக்கறேன், இல்லனா "பெரியவங்கள விசாரிக்கக்கூட தெரியாதா"னு ஆரம்பிச்சுடுவ. முதுகு வலி எப்படி இருக்கு? நாள் பூரா உக்காந்து ஊரார் கதையைக் கேட்டா முதுகு என்ன பண்ணும், பாவம்.

என் போன் வார்டன் அலமாரியில தூங்குது. ஞாயித்துக்கிழமை பத்து நிமிஷம் தருவாங்க, அதுவும் அந்தம்மா எதிர்ல நின்னு பேசணும். அதனால இனிமே லெட்டர்தான். சிரிக்காத.

வேலை சட்டைக்கு காலர் வைக்கறது. எங்க லைன்ல முப்பத்திரண்டு மிஷின். சூப்பர்வைசரை எல்லாரும் சித்தப்பானு கூப்பிடறோம், அவரு எங்க எல்லாரையும் தங்கம்னு கூப்பிடறாரு. "நாம் ஒரே குடும்பம்"னு சுவர் பூரா எழுதி வச்சிருக்காங்க. குடும்பம்தான், சந்தேகமே இல்ல. எழுந்திரிக்கணும்னாகூட கேட்டுட்டுத்தான் எழுந்திரிக்கணும். சித்தப்பா மேஜையில கயிறு கட்டின மஞ்சள் அட்டை ஒண்ணு தொங்குது. அதுக்குப் பேரு பாஸ். அதைக் கழுத்துல மாட்டினாதான் பாத்ரூம் போகலாம். முப்பத்திரண்டு பேருக்கு ஒண்ணு. அதனால யாரும் தண்ணி குடிக்கறதே இல்ல.

போன வியாழக்கிழமை மத்தியானம் நெட்டை விழுந்துட்டா. ஹாஸ்டல்ல எனக்கு மேல் கட்டில்ல படுக்கறவ, பக்கத்து மிஷின்ல சட்டைக்கு கை தைக்கறவ. மூணு தடவை பாஸ் கேட்டா. சித்தப்பா, "இன்னும் நாப்பது கைதான தங்கம், முடிச்சுட்டுப் போ"ன்னாரு. அவ எழுந்து நின்னா, முகம் வெள்ளையாச்சு, அப்படியே மிஷின் மேல சாஞ்சுட்டா. அவளைத் தூக்கப் போனவ விழுந்தா. அப்புறம் ஒவ்வொருத்தியா, மொத்தம் ஒன்பது பேரு. டாக்டர் வந்து ரத்தம், நாடி எல்லாம் பாத்துட்டு ஒண்ணுமே இல்லனு சொல்லிட்டாரு. மேனேஜர் "நடிப்பு"ங்கறாரு. சித்தப்பா "காத்து கருப்பு"ங்கறாரு. படிச்சவ நீ என்ன சொல்ற?

அம்மாகிட்ட சொல்லாத. காலேஜை விட்டதுக்கே இன்னும் அழுதுட்டு இருக்காங்க.

உன் தங்கச்சி,
பட்டாசு

*

பிப்ரவரி 16

அன்புள்ள பட்டாசுக்கு,

நான் நலம். முதுகு அப்படியேதான் இருக்கிறது. நீ ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா? தண்ணீர் குடிக்காமல் இருக்காதே. மற்றவர்கள் குடிக்காவிட்டால் நீயும் குடிக்கக்கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை.

நடிப்பும் இல்லை, காற்றும் இல்லை. வாயால் சொல்ல முடியாததை உடம்பு சொல்லிவிடும். ஒன்பது பேர் விழுந்தார்கள் என்றால், ஒருத்தியின் உடம்பு சொன்னதை மற்ற எட்டு பேரின் உடம்பும் புரிந்துகொண்டது என்று அர்த்தம். யாரோடு நாம் நம்மை ஒன்றாக நினைக்கிறோமோ அவர்களுடைய வலி நமக்கு வரும். "சித்தப்பா" என்று கூப்பிடுகிறீர்களே, அதிலும் விஷயம் இருக்கிறது. அதிகாரம் உறவுமுறை சொல்லிக்கொண்டு வந்தால் அதன்மேல் கோபப்படக்கூட நமக்குக் குற்றவுணர்ச்சியாக இருக்கும்.

முதலில் விழுந்த பெண்ணைப் பற்றி இன்னும் எழுது. வீடு, அம்மா, அப்பா, சின்ன வயது. எங்கள் வேலையில் எதையும் அங்கிருந்துதான் தொடங்குவோம்.

இங்கே எங்கள் மனநல மையத்தில் புதிதாக ஒரு வேலை வந்திருக்கிறது. அதைப் பற்றி வெளியே பேசக்கூடாது என்று கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
அக்கா

*

பிப்ரவரி 24

அக்கா,

உன் லெட்டர் வந்துச்சு. நான் தண்ணி குடிச்சா எனக்கு பாஸ் வேணும். நான் பாஸ் எடுத்துட்டுப் போனா அடுத்தவ காத்திருக்கணும். சட்டம் எதுக்கு? பக்கத்துல உக்காந்திருக்கவ முகம் போதும்.

உன் புஸ்தகங்க மேல எனக்கு ஒரு சந்தேகம். அதுல வர்றவங்க எல்லாரும் சின்ன வயசுல இருந்து நேரா வந்து உன் சோபாவுல படுத்துக்கறாங்க. நடுவுல யாருமே வேலைக்குப் போகலையா? காலேஜ்லயும் இதைத்தான் கேட்டேன். "சமூகத்தோடு ஒத்துப்போகாதவர்கள்"னு ஒரு பாடம். சமூகம் நம்மகூட ஒத்துப்போகலனா அதுக்கு என்ன பேருனு கேட்டேன். வெளிய போனு சொன்னாங்க. போனவதான், திரும்பல.

ஆனா நீ எழுதினதுல ஒண்ணு சரி. ஞாயித்துக்கிழமை ஹாஸ்டல்ல சும்மா உக்காந்திருந்தோம். லீவு. பாத்ரூம் காலியா கிடக்கு. ஒருத்தி எழுந்து நின்னுட்டு, "நான் போயிட்டு வரட்டா?"னு கேட்டா. யாரைக் கேட்டானு அவளுக்கே தெரியல. எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சோம். அப்புறம் பாத்தா நானும் கதவுகிட்ட போய் ஒரு நிமிஷம் நிக்கறேன். சித்தப்பா இங்க இல்ல, ஆனா உள்ளுக்குள்ள மேஜை போட்டு உக்காந்திருக்காரு. அன்னிக்குதான் நான் நெட்டைகிட்ட சொன்னேன், "மயங்கி விழறதுக்கு மட்டும்தான்டி பாஸ் வேணாம்"னு. அவ சிரிக்கல.

நெட்டையைப் பத்திக் கேட்ட. அவ அம்மா வேலைக்குப் போறப்ப அவளை உள்ள வச்சு வெளிய பூட்டிட்டுப் போவாங்களாம். அஞ்சு வயசு. ஒரு நாள் அம்மா வர நேரமாச்சு, இவளால அடக்க முடியல. வந்து பாத்துட்டு அம்மா அடிச்ச அடி இன்னும் முதுகுல இருக்குங்கறா. யார்கிட்டயும் சொல்லாதனு சத்தியம் வாங்கினா. உன்கிட்ட சொன்னா யார்கிட்டயும் சொன்னதா ஆகாது, அதனால சொல்றேன்.

முதுகுக்கு தைலம் தேச்சியா இல்லையா? பதில்ல அதை முதல்ல எழுது.

பட்டாசு

*

மார்ச் 10

அன்புள்ள பட்டாசுக்கு,

தைலம் தேய்த்தேன். நலம். நீயும் நலமாக இருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமைக் கதையை நாலு முறை படித்தேன். ஒரு சமூகம் மனிதனுக்குள் எப்படிக் குடியேறுகிறது என்று நான் மூன்று வருடமாகப் படித்ததை நீ நாலு வரியில் எழுதிவிட்டாய்.

இப்போதைக்கு யாரிடமும் சண்டைக்குப் போகாதே. கூட்டத்தில் முன்னால் நிற்காதே. நான் காரணமாகத்தான் சொல்கிறேன்.

வேலை அதிகம். சுருக்கமாக முடிக்கிறேன்.

அக்கா

*

ஏப்ரல் 6

அக்கா,

விசாரிப்பு ஒண்ணும் இல்ல இந்த லெட்டர்ல. நேரா விஷயம்.

நேத்து மேனேஜர் விழுந்த ஒன்பது பேரையும் ஆபீசுக்குக் கூப்பிட்டார். மேஜையில ஒரு ரிப்போர்ட். மனநல மையத்துல இருந்து வந்ததாம். "ஒரு தொழிலாளி எவ்வளவு அழகா சொல்லியிருக்கா பாருங்க"னு வாசிச்சார். "மயங்கி விழுவதற்கு மட்டும்தான் பாஸ் வேண்டாம்." வாசிச்சுட்டு சிரிச்சார். எனக்கு காது அடைச்சுடுச்சு.

அப்புறம் பக்கத்தைத் திருப்பினார். பூட்டின வீடு, அஞ்சு வயசு, அம்மா, அடி. பேரு போடல. பேரு எதுக்கு? "முதலில் மயங்கிய உயரமான பெண்"னு இருக்கு. எங்க லைன்ல உயரமா இருக்கறது ஒருத்திதான்.

நெட்டை மேனேஜரைப் பாக்கவே இல்ல. என்னைத்தான் பாத்தா. அவ அதை உலகத்துல ஒரே ஒருத்திகிட்டதான் சொல்லியிருக்கா.

"காரணம் ஃபேக்டரி இல்ல, இந்தப் பொண்ணோட சின்ன வயசு. இவகிட்ட இருந்து மத்தவங்களுக்குப் பரவியிருக்கு. பெரிய படிப்பு படிச்சவங்களே எழுதிட்டாங்க"ன்னார். நெட்டை சிகிச்சை எடுத்து சர்டிஃபிகேட் கொண்டு வரணுமாம். அது வரைக்கும் வேலை கிடையாது, ஹாஸ்டல்லயும் இடம் கிடையாது. பெட்டியைக் கட்டறப்ப நான் பக்கத்துல போய் நின்னேன். "தள்ளு"ன்னா. அவ்வளவுதான் பேசினா.

அந்தப் புது வேலை இதுதானா? ஆமா இல்லைனு ஒரு வார்த்தை எழுது.

*

ஏப்ரல் 15

பட்டாசு,

ஆமாம்.

உன் கம்பெனிதான் மையத்திடம் கேட்டது. உங்களிடம் நிரப்பி வாங்கிய கேள்வித் தாள்களை அனுப்பினார்கள். எல்லாவற்றிலும் ஒரே பதில்: "குறை ஒன்றும் இல்லை, நாங்கள் ஒரே குடும்பம்." அதை வைத்துக்கொண்டு நான் என்ன எழுதுவது? உன் கடிதத்தில்தான் உயிர் இருந்தது. பெயரை எடுத்துவிட்டால் போதும் என்று நினைத்தேன்.

என் அறிக்கை பதினொரு பக்கம். பாஸ் பற்றியும் தண்ணீர் பற்றியும் எழுதியிருக்கிறேன். அவர்கள் தங்களுக்கு வேண்டிய பக்கத்தை மட்டும் எடுத்துக்கொள்வார்கள் என்று எதிர்பார்க்கவில்லை.

ஒன்று கேட்கிறேன். விழுந்த ஒன்பது பேர் பட்டியலில் நாலாவது பெயர் உன்னுடையது. அதை ஏன் எனக்கு எழுதவில்லை? இப்போது உடம்பு எப்படி இருக்கிறது?

அக்கா

*

ஏப்ரல் 22

அக்கா,

உடம்பு நல்லா இருக்கு. எழுதலனா எதுக்கு எழுதலனு உனக்குத் தெரியாதா? நீ பஸ் ஏறி வந்து என்னை வீட்டுக்கு இழுத்துட்டுப் போயிருப்ப. நான் நடிக்கல. அவ விழுந்தா, எனக்கு கால் போச்சு. கண்ணைத் திறந்தப்ப தரை சில்லுனு இருந்துச்சு. நிம்மதியா இருந்துச்சுக்கா. அதைச் சொல்லத்தான் வெக்கமா இருந்துச்சு.

உன் ரிப்போர்ட்டை நான் பாத்துட்டேன். மேனேஜர் ரூமைப் பெருக்கறவங்க எங்களுக்கு வேண்டியவங்க, சாப்பாட்டு நேரத்துல எடுத்துக் குடுத்தாங்க. நெட்டையோட அம்மா ரெண்டாம் பக்கத்துல. பாஸ் ஒன்பதாம் பக்கத்துல, அதுவும் ஒரே வரி: "பணியிடக் கட்டுப்பாடுகளும் துணைக்காரணமாக இருக்கலாம்." இருக்கலாமா? நீ எழுதினதா இது? நாப்பது கைனு சொன்னேனே, அது எங்க? முப்பத்திரண்டு பேரு எங்க? அந்தம்மா பொண்ணைப் பூட்டிட்டுப் போனாங்கன்னா அவங்களுக்கும் வேலைக்கு நேரம் ஆயிருக்கும்ல, அவங்களுக்கும் ஒரு சித்தப்பா இருந்திருப்பாருல்ல, அது உனக்குத் தோணவே இல்லையா? வீட்டுக் கதவு வரைக்கும் போய் நின்னுட்ட. தெருவைப் பாக்கல.

நான் சத்தியத்தை மீறினேன். அந்தத் தப்பு என்னுது, உன் தலையில கட்ட மாட்டேன். ஆனா எழுதினது நீ, திருத்த வேண்டியதும் நீ. ரிப்போர்ட்டை வாபஸ் வாங்கு. புதுசா எழுது. முதல் பக்கத்துல பாஸ் வரணும். நெட்டை அம்மா எந்தப் பக்கத்துலயும் வரக்கூடாது. நாங்க தொழிலாளர் அதிகாரிகிட்ட மனு குடுக்கப் போறோம். அங்க நீ வந்து உன் வாயால சொல்லணும்.

முடியுமா முடியாதா?

பட்டாசு

*

மே 20

அக்கா,

ஒரு மாசமாச்சு. பதில் இல்ல. உடம்பு சரியில்லையா, மனசு சரியில்லையானு தெரியல. ரெண்டுமே சீக்கிரம் சரியாகட்டும், எனக்கு வேலை இருக்கு.

நீ எழுதலனாலும் நான் எழுதறேன். திங்கக்கிழமை என்ன நடந்துச்சுனு கேளு.

மனுவுல கையெழுத்துப் போடச் சொன்னா எல்லாரும் பயந்தாங்க. "சித்தப்பா மனசு கஷ்டப்படும்"னு ஒருத்தி. "என்னையும் பைத்தியம்னு எழுதிட்டா?"னு ஒருத்தி. பேசிப் பேசி எனக்கு வாய் வலிச்சுது. கடைசில கண்ணாடி போட்ட பொண்ணு ஒருத்தி, வாயே திறக்காதவ, "கையெழுத்து வேணாம், முதல்ல தண்ணி குடிப்போம்"ன்னா.

நெட்டை மிஷின் சும்மா கிடக்கு. மீதி முப்பத்தொரு பேரு. காலையில மிஷினைப் போடறதுக்கு முன்னாடி ஆளுக்கு ஒரு பாட்டில், சித்தப்பா பாக்கப் பாக்க, ஒரே மூச்சுல குடிச்சோம். அவரு ஏதோ வேண்டுதல்னு நினைச்சுட்டார். பத்தரைக்கு ஒருத்தி எழுந்து பாஸ் கேட்டா. அடுத்தவ அவ பின்னாடி நின்னா. பதினொரு மணிக்கு லைன்ல ஒரு மிஷின்கூட ஓடல. முப்பத்தொரு பேரும் அவர் மேஜை முன்னாடி வரிசையில.

"என்ன தங்கம் இது, பஸ் ஸ்டாண்டா?"

"இல்ல சித்தப்பா. பாஸ் வேணும்."

"எல்லாருக்குமா?"

"எல்லாருக்கும். ஒரே குடும்பம்ல, ஒரே நேரத்துல வருது."

சிரிப்பு அடங்க கொஞ்ச நேரமாச்சு. அவரு அட்டையைக் கையில வச்சுக்கிட்டு யார்கிட்டக் குடுக்கறதுனு தெரியாம முழிச்சார். அப்புறம் மெதுவா சொன்னார், "எட்டு மணி நேரம் நானும் இங்கயே நிக்கறேன். எனக்கு பாஸ் தர யாரு இருக்கா? என்னைக்காவது யாராவது கேட்டீங்களா?" உண்மையில அவரு மேல எனக்கு அன்னிக்குதான் கோபம் போச்சு. கோபம் போனதும் பயமும் போச்சு. ஏன்னு நீ விளக்கம் எழுதாத, எனக்கே தெரியும்.

அவரை விட்டுட்டு, பாஸ் இல்லாமலே நாங்க நேரா பாத்ரூமுக்கு நடந்தோம். ஒருத்தியும் மயங்கல.

சாயங்காலம் முப்பத்தொரு கையெழுத்தும் விழுந்துச்சு. மனு போயாச்சு. விசாரணை ஜூன் பதினெட்டு, காலை பத்து மணி. கம்பெனி கையில உன் பழைய ரிப்போர்ட்தான் இருக்கு. நீ வரலனா அதுதான் சாட்சி.

பட்டாசு

*

ஜூன் 2

அன்புள்ள பட்டாசுக்கு,

நலம் என்று எழுதிப் பழகிவிட்டேன். இந்த முறை அப்படி எழுத முடியவில்லை, ஆனால் நடமாடுகிறேன். நீ தண்ணீர் குடித்தாய் என்பதைப் படித்துவிட்டு அழுதேன், சிரித்தேன்.

பதில் எழுதாமல் இருந்ததற்குக் காரணம் உண்டு. உனக்கு எழுதினால் பொய் எழுத வேண்டியிருந்திருக்கும். பழைய அறிக்கையில் அந்தப் பெண்ணின் அம்மாவை நான் முன்னால் வைத்தது படிப்பினால் அல்ல. கம்பெனி அனுப்பிய கடிதத்தில் "இதைத் தூண்டிவிட்டவர் யார் என்று கண்டுபிடிக்கவும்" என்று ஒரு வரி இருந்தது. பட்டியலில் உன் பெயர் இருந்தது. பார்வை உன் பக்கம் வரக்கூடாது என்று நினைத்தேன். இன்னொருத்தியின் பக்கம் திருப்பிவிட்டேன். செய்யும்போது அது எனக்கே தெரியவில்லை என்று சொல்லலாம், என் வேலையில் அதற்கு அழகான பெயர்கூட இருக்கிறது. ஆனால் தெரிந்துதான் செய்தேன்.

புதிய அறிக்கை எழுதிவிட்டேன். மூன்றே பக்கம். முதல் வரி: "முப்பத்திரண்டு பேருக்கு ஒரு பாஸ்." எந்தப் பெண்ணின் வீடும் அதில் இல்லை. கம்பெனிக்கு ஒன்று, அதிகாரிக்கு ஒன்று அனுப்பினேன். கம்பெனியின் ரகசியத்தை வெளியே சொன்னேன் என்று மையத் தலைவருக்குக் கடும் கோபம். அந்தப் பெண்ணின் ரகசியத்தை எழுதியபோது நன்றாக இருக்கிறது என்று பாராட்டியவர் அவர்தான். இன்று காலை அறைச் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

பதினெட்டாம் தேதி வருகிறேன். வேலை போனதை அம்மாவிடம் நானே சொல்லிக்கொள்கிறேன்.

இத்துடன் நெட்டைக்கு ஒரு மன்னிப்புக் கடிதம் வைத்திருக்கிறேன். பிரிக்காமல் அவளிடம் சேர்த்துவிடு.

அக்கா

*

ஜூன் 30

அக்கா,

நல்லபடியா போய்ச் சேர்ந்தியா? விசாரணை அன்னிக்கு பஸ்ஸுக்கு நேரமாச்சுனு ஓடிட்ட, சரியா பேசக்கூட முடியல. முதுகு வலியோட அந்த மரபெஞ்சுல நீ மூணு மணி நேரம் உக்காந்ததைப் பாத்தேன். தைலம் தேச்சுக்கோ.

அதிகாரி உன்னைக் கேட்டாரே, "அப்ப இவங்க மனசுல ஒரு பிரச்சினையும் இல்லைங்கறீங்களா?"னு, அதுக்கு நீ சொன்ன பதிலை லைன்ல எல்லாரும் உன் குரல்லயே சொல்லிக் காட்டறாங்க. "நிறைய இருக்கு சார். உங்க மனசுலயும் இருக்கும். ஆனா எழுந்து போக நீங்க யார்கிட்டயும் கேக்க வேண்டியதில்ல. அதனால நீங்க விழல." மேனேஜர் முகம் போன போக்கு!

உத்தரவு வந்துடுச்சு. நெட்டைக்கு சர்டிஃபிகேட் எதுவும் வேணாம், உடனே சேத்துக்கணும்னு எழுதியிருக்காங்க. பாஸையும் எடுத்துட்டாங்க. இத்தனை முடிச்சே ஆகணும்ங்கற டார்கெட் மட்டும் அப்படியே இருக்கு, அதுக்கு அடுத்த மனு எழுதிட்டு இருக்கோம். பாஸ் போய் ஒரு வாரமாச்சு. இன்னும் பாதிப் பேரு எழுந்திரிக்கறதுக்கு முன்னாடி சித்தப்பா முகத்தைப் பாக்கறாங்க. நானும்தான். அவரு வேணும்னே ஜன்னல் பக்கம் திரும்பி நிக்கறாரு. உள்ள இருக்கவரைக் காலி பண்ண உத்தரவு பத்தாதுபோல, தினமும் எழுந்து எழுந்துதான் பழகணும்.

நெட்டை திங்கக்கிழமை வந்துட்டா. அதே மிஷின், என் பக்கத்துல. என்கூட பேசறதில்ல. கத்தரிக்கோல் வேணும்னா எந்திரிச்சு நாலு மிஷின் தாண்டிப் போய் வாங்கிட்டு வர்றா. ஹாஸ்டல்ல வேற ரூம் கேட்டு வாங்கிட்டா.

நீ அனுப்பின மன்னிப்பு லெட்டரை அவகிட்ட நீட்டினேன். கையால தொடல. அதை அப்படியே இதோட திருப்பி அனுப்பறேன், பிரிக்கல. உன்மேல தப்பு சொல்லலக்கா. நாம ரெண்டு பேரும் அவளைப் பத்தி எவ்வளவோ எழுதிட்டோம், அவ ஒரு தடவைகூட எழுதச் சொல்லல. இனிமே அவ படிக்கறதுக்கும் நாமளே எழுதணுமா?

சித்தப்பாவுக்கே பொறுக்கல. "லைன் மாத்திக்கறியா தங்கம்? தினம் இப்படி ஒருத்தி முகத்தைத் திருப்பிட்டு உக்காந்தா உனக்குத்தான் கஷ்டம்"ன்னாரு. மாட்டேன்னு சொல்லிட்டேன். அவ கை தைக்கட்டும், நான் காலர் வைக்கறேன். நாளைக்கும் அங்கதான் உக்காருவேன், அடுத்த வருஷமும் அங்கதான். பேசணும்னு அவளுக்குத் தோணினா நான் பக்கத்துல இருக்கணும். தோணலனாலும் இருப்பேன்.

அவ பேசினாளா, என்ன சொன்னானு நீ கேப்ப. கேக்காத. அவளைப் பத்தி உனக்கு நான் எழுதற கடைசி வரி இது.

பட்டாசு